டாக்டர் ஜெசிந்தா மலையிறங்கிய கதை

டாக்டர் ஜெசிந்தா மச்சாடோ மலையை விட்டு இறங்கினால் ஆனைக்கொம்பையில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் வந்தது. அவள் ஏறிய பேருந்து வனத்துறை செக்போஸ்ட்டின் கம்பைத் தாண்டியதும் வரும், அவள் திரும்பிக் கம்பைத் தாண்டி மேலே வந்ததும் விட்டுவிடும். தொட்டிலில் கிடக்கும் பச்சைப்பிள்ளையிலிருந்து மீசை அரும்பாத பையன்வரை ஒருவரும் அதற்குத் தப்பியதில்லை. ஏன் அப்படி என்று அந்த ஊரில் கேட்டால், மழை ஏன் மேற்கிலிருந்து வருகிறது என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்துவிட்டு, அது அப்படித்தான் வரும் என்பார்கள்.

அவள் வேம்பார்க் கடற்கரையில் பிறந்தவள். அப்பா படகு கட்டுகிறவர், அம்மா மதலேன் கருவாடு உலர்த்தி வெளியூருக்கு அனுப்புகிறவள், வீட்டு வாசலில் நின்றால் கண்ணை மறிக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மதுரையில் குழந்தை மருத்துவம் படித்து முடித்ததும் அரசாங்கம் அவளை ஆனைக்கொம்பைக்கு அனுப்பியது. ஒரு வருடம்தான். ஒரு வருடம் மலையில் வேலை பார்த்துவிட்டால், பச்சைப்பிள்ளைகளின் இதயத்தைப் பற்றிச் சென்னையில் மேலே படிக்கலாம் என்பது அவள் போட்டு வைத்த கணக்கு. மலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து நின்றது, மலை இல்லாத பக்கம் மூடுபனி நின்றது, துணி காய நாலு நாள் ஆனது, சுவரில் தலை சாய்த்தால் தலைமுடி ஈரமானது.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள். அதற்கு முன் அந்த மலையில் குழந்தை டாக்டர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இழுப்பு வந்த பிள்ளையை எஸ்டேட் ஜீப்பில் போட்டு வளைவு வளைவாக இறக்கி அடிவாரத்துக்குக் கொண்டுபோவார்கள், பாதி வளைவில் ஜீப் திரும்பி வந்தால் லயம் எனப்படும் எஸ்டேட் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழத் தொடங்குவார்கள். ஜெசிந்தா வந்த வருடம் அப்படி ஜீப் திரும்பி வரவில்லை. குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கை அளவு கிடந்ததுகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைத்துப் பிழைக்க வைத்தாள். சளி கட்டி நீலம் பாய்ந்த பிள்ளைகளை இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு மீட்டாள். அட்டைக்கடி பார்க்காமல் லயம் லயமாக ஏறி இறங்கித் தடுப்பூசி போட்டாள். அந்த வருடம் பிறந்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஜெசிந்தா என்று பெயர் வைத்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெயர்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் புறப்பட்டாள். செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது வளைவில் பேருந்து திரும்பும்போது பின்னால் ஒரு ஜீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. மலை முழுக்கப் பிள்ளைகள் சுருண்டு கிடக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் மணியடித்துக்கொண்டிருந்த பையன் கையில் மரச்சுத்தியலோடு விழுந்துவிட்டான் என்றார்கள். அவள் பையோடு ஜீப்பில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டுக்கொண்டிருந்தன. ஏதோ வைரஸ் என்று அவள் நினைத்தாள். ஈஸ்டருக்குப் புறப்பட்டபோதும் அதே ஜீப், அதே ஹாரன். தம்பி கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது ஜீப் முன்கூட்டியே செக்போஸ்ட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஊர் முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது, கொசுவுக்குப் புகை போட்டது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது, மாதா கோயிலில் நவநாள் வைத்தது, பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அடிவாரத்திலிருந்து அதிகாரிகள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஊர் அதை யோசிப்பதை விட்டுவிட்டு அதோடு வாழப் பழகியது.

நகராட்சி ஆட்கள் வந்து செக்போஸ்ட்டில் காய்ச்சல் தொடங்கும் இடம் எதுவென்று அவளை ஓரடி ஓரடியாக நடக்கவைத்துப் பார்த்து, அங்கே ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டார்கள். மழையில் அழிந்தால் மறுபடி போட்டார்கள். செக்போஸ்ட் காவலர் சடையன் கோட்டுக்கு இந்தப்புறம் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார், சாயங்காலங்களில் அவள் வந்து உட்கார்ந்தால் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். கண்டக்டர்கள் அவளுக்குக் கீழே போக டிக்கெட் கிழிக்கவில்லை. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் வந்து நின்று, டாக்டரம்மா கொஞ்ச நேரம் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டு வந்தால் போதும் என்று கேட்டார்கள். காய்ச்சலில் பிள்ளைகள் பிதற்றியதெல்லாம் அவள் கண்ணில் பட்ட காட்சிகள் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. பாறையில் வரையாடு நிற்கிறது, பக்கத்து சீட் பாட்டி வாந்தி எடுக்கிறாள் என்று தொட்டிலில் பேச்சு வராத குழந்தையைத் தவிர எல்லாம் ஒரே குரலில் சொல்லும். அதைக் கேட்டு அவள் எந்த வளைவில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஜீப்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்று முறை மாறுதல் உத்தரவு வந்தது. மூன்று முறையும் ஊர் லாரி பிடித்துப் போய் அதை ரத்து செய்துவிட்டு வந்து, வெடி வெடித்து, அவளுக்கு மாலை போட்டது. சென்னையில் அவளுக்கென்று இருந்த இடத்தில் வேறு யாரோ படித்தார்கள். கூடப் படித்தவர்கள் பேராசிரியர் ஆனார்கள், அவர்களிடம் படித்தவர்களும் பேராசிரியர் ஆனார்கள். ஊர் அவளுக்குக் குறை வைக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வேம்பார் மீன் வரவழைத்துக் கொடுத்தது, ரோஜாத் தோட்டத்தோடு வீடு கட்டிக் கொடுத்தது, மலையிலேயே வந்து குடியிருக்கச் சம்மதிக்கும் மாப்பிள்ளை ஒருவரைக்கூடத் தேடிப் பிடித்து, தலைவாரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்தது. அவள் அவருக்குத் தொண்டை வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டாள். யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், திறந்த கதவுக்கு எதிரே ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரே ஒரு தடவை அவள் யாருக்கும் தெரியாமல் போகப் பார்த்தாள். செக்போஸ்ட்டை விட்டுவிட்டு, மலைவாசிகள் தேன் எடுக்கப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். சாலையில் போனால்தானே காய்ச்சல் வரும் என்று ஓர் எண்ணம், டாக்டருக்குப் படித்த பெண்ணின் எண்ணம் அல்ல அது. மதியம்வரை இறங்கினாள். கீழே சமவெளி தெரிந்தது, வெயில் தெரிந்தது, வெயிலில் ஒருவர் சைக்கிளில் போவது தெரிந்தது. அப்போது மேலே தொட்டில்களில் கிடப்பவர்கள் நினைவுக்கு வர, திரும்பி ஏறினாள். மேலே மூன்றாம் லயத்தில் கொழுந்து பறிக்கும் பொன்னழகுவின் மகள் நிறைமதிக்குக் காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்திருந்தது. நாலு வயதுப் பிள்ளை, கண் மேலே செருகி, பல் கிட்டி, வெகுநேரம் வெட்டி இழுத்திருக்கிறது. ஜெசிந்தா வந்தபோது வலிப்பு நின்றிருந்தது. பொன்னழகு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திட்டவில்லை, அழவில்லை. டாக்டரம்மாவின் முழங்கால்வரை ஒட்டியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்பில் போட்டாள்.

"பைக்குள்ள துணிமணி வச்சிருக்கீங்களா, டாக்டரம்மா," என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஜெசிந்தா பை கட்டவில்லை. சாயங்காலம் நாற்காலிக்குப் போவதையும் நிறுத்தினாள்.

அப்பா இறந்த செய்தி வந்த அன்று ஊர் கடைகளை அடைத்தது. அவள் வெளிநோயாளிகளைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டு வந்தார்கள். அம்மா வருடத்துக்கு ஒரு தடவை மலையேறி வந்தாள். வந்தால் மூடுபனியைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள், மகளுக்கு மீன்குழம்பு வைப்பாள், போகும்போது செக்போஸ்ட் கோட்டில் நின்று மகளின் கையை விடமாட்டாள். முழங்கால் போன பிறகு வருவதும் நின்றது. போனில் பேசும்போது ஒரு நாள் கேட்டாள்.

"ஏட்டி, அங்க உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் ஒடம்பு சுடுமா? நான் பெத்தது பிள்ளை இல்லையா?"

வெளியே ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது, அந்த இருமலை ஜெசிந்தாவின் காது எண்ணிக்கொண்டிருந்தது.

இப்படி இருபது வருடத்துக்கு மேல் போயிற்று. கோட்டுக்கு உள்ளே பிறந்தவர்கள் கோட்டுக்கு உள்ளே பிள்ளை பெற்றார்கள். வலிப்பு வந்து பிழைத்த நிறைமதி நர்சிங் படித்து, அதே ஆஸ்பத்திரிக்கு ஸ்டாஃப் நர்ஸாக வந்து, கல்யாணம் செய்து, கைக்குழந்தைக்குத் தாயானாள். அந்தச் சமயத்தில்தான் வேம்பாரிலிருந்து தம்பி பேசினான். அம்மாவுக்கு மூச்சு ஏறவில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாள், யாரையோ எதிர்பார்த்துக் கதவைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள் என்றான். ஜெசிந்தா போனை வைத்துவிட்டு அடுத்த பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. பிள்ளையின் தாய் பயந்துபோய் நிறைமதியைக் கூப்பிட்டாள்.

நிறைமதி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, போங்க என்றாள். பிள்ளைகள் என்று ஜெசிந்தா ஆரம்பித்ததும் அவள் குறுக்கிட்டாள்.

"காய்ச்சல் வந்ததும் உங்களைக் கூட்டிட்டு வந்திருவாங்க. ஒரு தடவைகூட அது எத்தனை நாள் இருக்கும்னு யாரும் பார்த்ததில்லை, டாக்டர். நீங்களும் பார்த்ததில்லை."

"உனக்கு வலிப்பு வந்தது நிறை."

"வந்துது. இருக்கேன்ல."

நிறைமதி ஊரைக் கூட்டிச் சமுதாயக்கூடத்தில் பேசினாள். பிள்ளைகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வோம், மருந்து இருக்கிறது, ஈரத்துணி இருக்கிறது, அடிவாரத்திலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்து தங்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்றாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர், டாக்டரம்மாவின் அம்மாவை இங்கேயே தூக்கிவர ஆம்புலன்ஸ் அனுப்பலாமே என்றார்கள். எல்லோரையும்விட எதிர்த்து நின்றவள் நிறைமதியின் அம்மா பொன்னழகு. அவள் மறுநாள் காலையில் பேருந்து வரும் நேரத்துக்கு செக்போஸ்ட்டுக்குப் போய்க் கம்பின் மேல் தன் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் வேறு பெண்களும் வந்து நின்றார்கள். சடையன் கம்பைத் தூக்கும் கயிற்றைக் கையில் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தார்.

ஜெசிந்தா பேருந்தை விட்டு இறங்கினாள். சரி, திரும்பிப் போகலாம் என்றுதான் இறங்கினாள். அவளுடைய கால் அத்தனை வருடமாகப் பழகிய பக்கம்தான் திரும்பியது. அப்போது நிறைமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையைப் பொன்னழகுவிடம் நீட்டினாள். பேரப்பிள்ளையை நீட்டினால் எந்தக் கையும் வாங்கத்தான் செய்யும். பொன்னழகுவின் கை கம்பிலிருந்து எடுபட்டது.

"நீ இவளைப் பார்த்துக்கம்மா," என்றாள் நிறைமதி. "என்னைப் பார்த்த மாதிரியே பார்த்துக்க. நானும் பக்கத்துல இருக்கேன்."

சடையன் கயிற்றை இழுத்தார். கம்பு மேலே போயிற்று. ஜெசிந்தா மறுபடி பேருந்தில் ஏறினாள்.

பேருந்து கோட்டைத் தாண்டியபோது ஜெசிந்தா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பாட்டியின் தோளில் கிடந்த குழந்தையின் தலை துவண்டு சாய்வது தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டாள். கண்டக்டர் பிடித்து உட்காரவைத்தார், அவருக்கும் மேலே இரண்டு பிள்ளைகள். நீங்களாகக் கூப்பிடக் கூடாது, நான்தான் கூப்பிடுவேன் என்று நிறைமதி சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஜெசிந்தா போனை எடுத்தாள், வைத்தாள். பின்னால் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது கேட்காதது கேட்பதைவிடப் பயமாக இருந்தது. சமவெளிக்கு வந்ததும் வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அதை ரசிக்கவும் வழியில்லாமல், சூட்டை உணர்ந்தவுடன் எத்தனை டிகிரி இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

வேம்பார் வீட்டில் அம்மா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். பாதியாகச் சுருங்கியிருந்தாள். மகளைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. ஜெசிந்தா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அம்மா அந்தக் கையை உதறிவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். எலும்பும் தோலுமாக, கருவாட்டு உப்பு ஏறிக் கரடுதட்டிய கை, மகளின் நெற்றியில் வந்து படிந்தது.

"ஏட்டி, இப்படிக் கொதிக்குதே. எத்தனை நாளா இருக்கு இது?"

ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. அந்த மலையில் அவள் தெர்மாமீட்டர் வைக்காத வாய் கிடையாது, தன் வாயில் வைத்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை. அம்மா தலைமாட்டிலிருந்த துணியைக் கூஜாத் தண்ணீரில் நனைத்துப் பிழியச் சொல்லி, அதை வாங்கி மகளின் நெற்றியில் போட்டு, அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெசிந்தா கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள். எவ்வளவு தூங்கினாள் என்று தெரியாது. விழித்தபோது உடம்பு வேர்த்து நனைந்திருந்தது, அம்மாவின் கை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது, போன் அடித்துக்கொண்டிருந்தது.

நிறைமதியின் குரல் கம்மியிருந்தது. சமுதாயக்கூடம் முழுக்கப் பாயில் கிடந்த பிள்ளைகள் ராமுழுக்கப் பிதற்றின என்றாள். கடலை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள், தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் சுவரே இல்லை என்று சொல்லின. இரண்டு பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது, நின்றது. பிறகு திடீரென்று எல்லாம் ஒன்றுபோல, என் நெத்தியில் யாரோ கை வச்சிருக்காங்க என்றன. சொல்லிவிட்டுத் தூங்கின. வேர்த்தது. இப்போது எல்லாருக்கும் விட்டுவிட்டது, அம்மா மடியில்தான் பாப்பா கிடக்கிறாள், பால் குடித்தாள் என்றாள்.

நிறைமதிக்குப் பின்னால் பெண்கள் கூடி நிற்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் அவர்களுக்கு டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டிய தேவையே இருந்ததில்லை, காய்ச்சலே கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடும். இப்போது வெறும் வாயால் எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாரும் நல்லாருக்காங்க என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு நிறைமதி போனை வைத்தாள்.

அம்மா மழைக்காலம்வரை இருந்தாள். ஜெசிந்தா கூடவே இருந்தாள். குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், திட்டு வாங்கினாள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கடற்கரையில் நடந்தாள். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று இருந்தும், ஏதோ ஓரிடத்தில் கால் தானாக நின்று திரும்பியது, செக்போஸ்ட் நாற்காலி இருக்கிறதா என்று கண் தேடியது. சென்னைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே அவளுக்குப் பழக்கமான முகம் ஒன்றும் இல்லை, அவள் படிக்க நினைத்ததைவிடப் படிப்பு வெகுதூரம் போயிருந்தது. ஒரு நாள் மலைக்குப் பேருந்து ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வெடி வெடிக்கவில்லை. வார்டுக்குள் போய்க் கையைக் கழுவிவிட்டு அடுத்த பிள்ளை யாரென்று கேட்டாள்.

இப்போது அவள் ஞாயிறுதோறும் மலையிறங்குகிறாள். கீழே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. அடிவாரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, வெயிலில் சற்று நேரம் நின்றுவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பி வந்துவிடுகிறாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஆனால் கோடு நெருங்கும்போது இன்றைக்கும் அவளை அறியாமல் கை நீண்டு பக்கத்து சீட்டில் யார் பிள்ளை இருந்தாலும் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறது. போன ஞாயிறு ஒரு சிறுமி இருந்தாள். நெற்றி மழைநாள் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. பேருந்து கோட்டைத் தாண்டியது. ஜெசிந்தா கையை எடுக்கவில்லை. கை சிறுமிக்கு ஜன்னலை மறைத்தது. அந்தக் கையை ஒரு கிளையை விலக்குவதுபோல ஒதுக்கிவிட்டு, அவள் பாட்டுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.